யாசிதிப் பெண்களிடம் இன்னும் என்ன சான்று கேட்கிறார்கள்?

2014 ஆகஸ்ட் 3 அன்று ஐ.எஸ். படையினர் வடக்கு ஈராக்கின் சிஞ்சார் பகுதிக்குள் புகுந்து, அங்கு வாழ்ந்த யாசிதி என்னும் சிறுபான்மை மதச் சமூகத்தின் ஆண்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று புதைத்துவிட்டு, 6,000க்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், கடத்திச் சென்று அடிமைகளாக விற்றார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை.

உயிர்தப்பி வந்தவர்களுக்காக ஈராக் நாடாளுமன்றம் 2021 மார்ச் 1 அன்று ஒரு சட்டம் இயற்றியது. மாதாந்திர உதவித்தொகை, வீட்டுமனை, கல்வி, மனநல சிகிச்சை, அரசுப் பணிகளில் 2 விழுக்காடு ஒதுக்கீடு என்று அதன் வாக்குறுதிகள் விரிவானவை. துருக்மேன், கிறிஸ்தவ, ஷபக் இனப் பெண்களையும் அது சேர்த்துக்கொண்டது; அது மிகச் சரியான முடிவு. முதல் தொகை கைக்கு வர 2023 ஆகிவிட்டது. அதைக்கூடத் தாமதம் என்று பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது வேறொன்று. விண்ணப்பிக்கும் பெண் முதலில் குற்றவியல் புகார் பதிவு செய்து, அந்த விசாரணை ஆவணங்களைக் கொண்டுவர வேண்டும் என்று விண்ணப்பங்களை ஆராயும் குழு கேட்கத் தொடங்கியது. சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. முகாமில் கூடாரத்தில் வாழும் பெண், தன்னை யார் யார் விலைக்கு வாங்கினார்கள், எங்கே அடைத்து வைத்தார்கள் என்பதையெல்லாம் முன்பின் தெரியாத அதிகாரிகள் முன் மறுபடியும் சொல்ல வேண்டும் என்பதே இதன் பொருள்.

அப்படிச் சொன்ன பிறகாவது வழக்கு நடக்குமா? இனப்படுகொலையைக் குற்றமாக வரையறுக்கும் சட்டம் ஈராக்கில் இல்லை. பிடிபட்டவர்கள் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அமைப்பின் உறுப்பினர்கள் என்பதற்காகவே பெரும்பாலும் தண்டிக்கப்பட்டார்கள். பெண்களுக்கு இழைத்த கொடுமை தீர்ப்பில் இடம்பெறுவதே அரிது. சான்றுக்கும் பஞ்சமில்லை. அடிமை முறையை நியாயப்படுத்தி ஐ.எஸ். தன் இதழிலேயே எழுதியது. நடந்தது இனப்படுகொலை என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2016இல் அறிவித்தது, ஐ.நா.வின் தனி விசாரணைக் குழு 2024 செப்டம்பரில் மூடப்படும்வரை ஆண்டுக்கணக்கில் ஆதாரங்களைத் திரட்டியது. இவற்றை வைத்து ஒரு பெண்ணின் உரிமையை உறுதிசெய்ய வேண்டிய கடமை அரசுடையது என்றே நான் கருதுகிறேன்.

முறையாக விசாரித்தால் என்ன நடக்கும் என்பதை ஜெர்மனி காட்டியது. ஃபல்லூஜாவில் ஐந்து வயது யாசிதிச் சிறுமியைக் கொளுத்தும் வெயிலில் சன்னல் கம்பியில் கட்டிவைத்துச் சாகவிட்ட ஐ.எஸ். உறுப்பினனுக்கு, பிராங்பர்ட் நீதிமன்றம் 2021 நவம்பரில் இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதித்து, சிறுமியின் தாய்க்கு 50,000 யூரோ இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. யாசிதிகளுக்கு எதிரான குற்றங்களை இனப்படுகொலை என்று ஏற்ற முதல் தீர்ப்பு அதுதான். அந்தத் தாயும் சாட்சி சொன்னார். ஆனால் அவர் சொல் குற்றவாளியின் முகத்துக்கு நேரே, ஒரு தீர்ப்பை நோக்கிச் சொல்லப்பட்டது.

ஐ.எஸ். பிடியில் சிறைப்பட்ட காலத்தில், வன்புணர்வால் பிறந்த குழந்தைகளைப் பற்றி ஈராக்கின் சட்டம் வாய் திறக்கவேயில்லை. நாட்டின் அடையாள அட்டைச் சட்டம் அவர்களை முஸ்லிம்களாகவே பதிவு செய்கிறது. யாசிதி ஆன்மிக மன்றமும் 2019இல் அவர்களை ஏற்க மறுத்தது. பிள்ளையா, சமூகமா என்று தேர்ந்தெடுக்க நேர்ந்த தாய்மார்களுக்கு, எந்த மதப் பெயரும் திணிக்காமல் குழந்தையைத் தாயின் பெயரில் பதிவு செய்யும் ஒரு திருத்தம்கூட இழப்பீட்டில் சேர்ந்ததுதான். பாக்தாத் அதை இப்போதே செய்ய முடியும்.