கான்செப்சுவல் கவிதை பற்றிய வினா: விடைத்தாளில் எங்கே சறுக்குகிறது?

கான்செப்சுவல் கவிதை என்பது புதிதாக எழுதாமல், ஏற்கெனவே இருக்கும் எழுத்தை ஒரு திட்டப்படி எடுத்து வைக்கும் கவிதை. அதைப் பற்றிய வினாவுக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவர்கள் பலருடைய விடையும் ஒரே மாதிரித் தொடங்கும்: "கான்செப்சுவல் கவிதை தன்னுணர்ச்சிக் கவிதையை (lyric) நிராகரிக்கிறது." பிறகு நான்கு பக்கமும் அதே வரிதான், வேறு வேறு சொற்களில். உணர்ச்சியைச் சொல்லும் அந்த 'நான்' எங்கே போனது என்று காட்டினால்தான் மதிப்பெண் ஏறும்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு மட்டும் எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு ஆழம் வேண்டாம். இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண், தவறுக்குக் கழிவில்லை. நூலும் ஆண்டும் கைவசம் இருந்தால் போதும். ஊலிப்போவையும் கான்செப்சுவல் கவிதையையும் ஒன்றாக்கும் குழப்பத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். 1960இல் பிரான்சில் தொடங்கிய ஊலிப்போ என்ற எழுத்தாளர் குழுவினர் ஒரு விதியைப் போட்டுக்கொண்டு புதிதாக எழுதுவார்கள். கிறிஸ்டியன் போக்கின் 'யூனோயா' (2001) அந்த வழியில் வந்தது. அத்தியாயத்துக்கு ஒரே ஓர் உயிரெழுத்துதான். கான்செப்சுவல் கவிஞரான அமெரிக்கர் கென்னத் கோல்ட்ஸ்மித்தோ இருப்பதைப் பெயர்த்தெழுதுகிறவர். அவருடைய 'டே' (2003), 2000 செப்டம்பர் 1ஆம் தேதி நியூயார்க் டைம்ஸின் மறுபதிப்பு, பங்குச்சந்தை விலை உட்பட.

கட்டுரை வினாவில் கவிதையை உணர்ச்சியின் தன்னியல்பான பெருக்கு என்ற வேர்ட்ஸ்வொர்த்தின் 1800 முன்னுரைக்கு ('லிரிக்கல் பேலட்ஸ்') அரைப் பக்கம் தாராளம். 'தன்னுணர்ச்சிக் கவிதை' என்றாலே கவிஞரின் சொந்த மனம் என்று எழுதிவிடாதீர்கள். அகத்திணையில் "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்கிறது தொல்காப்பியம். குறுந்தொகையில் பேசுவது தலைவன், தலைவி, தோழி போன்ற பாத்திரங்கள், புலவர் அல்லர்.

ஒப்பிலக்கியத் தாளானால் விதி போட்டு எழுதியதற்கு நம்மூர் எடுத்துக்காட்டே இருக்கிறது. சிந்துபூந்துறையில் இலக்கணம் படித்த சிவப்பிரகாசர் பாடிய திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி. பாடும்போது உதடு ஒட்டவோ குவியவோ கூடாது. ஆகவே ப, ம, வ இல்லை. உ, ஊ, ஒ, ஓ, ஔ இல்லை. செந்தூர் முருகனைப் பாட வேண்டும், 'முருகன்' என்று சொல்ல முடியாது! வேலன், குமரன், ஆறுமுகன் எல்லாமே அடிபடும். கந்தனும் செந்திலும் மிஞ்சும். இவ்வளவு இறுக்கியும் அது பக்திப் பாடலாகவே நிற்கிறது. விதி இருந்தால் உணர்ச்சி போய்விடும் என்ற வாதம் இங்கேயே உடைகிறது. ஆனால் இதைக் கான்செப்சுவல் கவிதை என்று எழுதினால் தவறு, ஊலிப்போவோடு ஒப்பிடுவதோடு நிறுத்துங்கள்.

அதிக இடம் கொடுக்க வேண்டியது நூர்பீஸ் பிலிப்பின் 'ஸாங்!' (2008). 1781இல் 'ஸாங்' என்ற அடிமைக் கப்பலிலிருந்து ஆப்பிரிக்கர்களைக் கடலில் தள்ளினார்கள். முதலாளிகள் காப்பீடு கேட்டு வழக்காடினார்கள். 1783ஆம் ஆண்டின் அந்த வழக்குக் குறிப்பின் சொற்களை மட்டும் எடுத்து, வெட்டி, சிதறடித்து எழுதிய நூல் இது. கவிஞர் தம் துயரத்தைச் சொல்வதில்லை. பக்கத்தில் சொற்களுக்கு நடுவே விட்ட வெள்ளை இடத்தில் நமக்கு மூச்சு முட்டுகிறது. இழந்தவருக்காகப் பாடும் பழைய கையறுநிலையோடு இதை ஒப்பிடலாம். ஒரே வேறுபாடு, 'ஸாங்!'இல் பாடுவது ஒற்றைக் குரல் இல்லை.

படித்துப் புரியாதவர்கள் செய்து பார்க்கலாம். நெல்லைப் பதிப்பு நாளிதழில் அணை நீர்மட்டம் வரும்: பாபநாசம் (முழுக் கொள்ளளவு 143 அடி), சேர்வலாறு (156), மணிமுத்தாறு (118). ஏழு நாள் எண்களைத் தேதி வரிசையில் அப்படியே எழுதுங்கள். ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. சேர்க்கக் கை துறுதுறுக்கும். முதலில் ஏதாவது ஒரு மே மாத வாரம், பிறகு 2023 டிசம்பர் 17ஐ ஒட்டிய பெருவெள்ள வாரம். இரண்டாவதை இந்த ஊர்க்காரர் யாரும் வெறும் எண்ணாக வாசிக்க மாட்டார்கள். அந்த வாரத்தைப் பொறுக்கியது யார், எந்தத் தேதியில் நிறுத்தியது யார் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். ஒளிந்துகொண்ட 'நான்' அங்கேதான் இருக்கிறது.

2015இல் கோல்ட்ஸ்மித் சிக்கியதும் இதே இடத்தில்தான். அமெரிக்காவில் போலீஸ் சுட்டு இறந்த கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுனின் பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கவிதையாக வாசித்தார். கடுமையான எதிர்ப்பு கிளம்பியது. அறிக்கையின் வரிசையை அவர் மாற்றியிருந்தார், முடிவை அவரே தேர்ந்திருந்தார். விடையில் இந்த இரண்டையும் எழுதுங்கள். கண்டன வசனம் வேண்டாம்.