தரை தொடாத நங்கூரம்

கச்சான் என்னும் மேல்காற்று வீசிய ஓர் இரவில், உவரிக்கு வெளியே ஆழ்கடலில், பெரியப்பாவின் நாட்டுப்படகு எஞ்சின் நின்று போய்க் கிடந்தது. வலையை அறுத்துவிட்டால் படகு இலகுவாகும் என்று எண்ணிக் கத்தியை எடுத்தேன். "ஏலே, வலய அறுத்துராத, அதாம்ல நம்மளப் புடிச்சு நிறுத்துது" என்று அவர் தடுத்தார். படகின் முன்முனையான அணியத்தில் கட்டியிருந்த வழிவலை, நீருக்குள் பரந்து கிடந்தபடி, விடியும்வரை படகின் முகத்தைக் காற்றுக்கு எதிரே பிடித்து வைத்திருந்தது.

கடல் நங்கூரத்தின் வேலையும் இதுவே. தார்ப்பாய்த் துணியில் கூம்பாகவோ பாராசூட் வடிவிலோ தைக்கப்படும் இது தரையைத் தொடுவதில்லை. நீரை அள்ளிப் பிடித்து இழுவையைத் தருகிறது. அந்த இழுவை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப ஏறுவதால், படகு இரு மடங்கு வேகத்தில் இழுத்தால் நங்கூரம் நான்கு மடங்கு வலுவாக எதிர்க்கும். இது இல்லாத படகு விலாவை அலைக்குக் கொடுத்துக் குறுக்கே திரும்பிவிடும். கவிழ்வது பெரும்பாலும் அப்போதுதான். எங்கள் கரையில் கச்சான் காற்று படகை ஆழத்துக்குத் தள்ளுவதால், காற்றோடு ஒதுங்கும் வேகம் குறைவது தேடி வருபவர்களுக்கும் பேருதவியாகும்.

கயிற்றில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நீண்டு கொடுக்கும் நைலான் கயிறு வேண்டும். படகும் நங்கூரமும் ஒரே நேரத்தில் அலைமுகட்டில் ஏறும்படி அதன் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், இல்லையெனில் கயிறு ஒரு கணம் தொய்ந்து மறுகணம் வெட்டி இழுக்கும். அணியத்தில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைச் சுற்றாவிட்டால் ஓரிரவில் கயிறு தேய்ந்து அறுந்துவிடலாம்.

சர்வதேச விதிப்படி கப்பல்களின் உயிர்காப்பு மிதவை ஒவ்வொன்றிலும் இரண்டு கடல் நங்கூரங்கள் இருக்க வேண்டும். ஆனால் கப்பலையே பிடித்து நிறுத்துவது எளிதன்று: காற்று தாக்கும் பரப்பு மிகப் பெரிது, மின்சாரம் இல்லாத கப்பலில் கனமான கயிற்றைக் கையாளவும் இயலாது. 2004 டிசம்பரில் அலாஸ்காவில் எஞ்சின் நின்று ஒதுங்கிய செலென்டாங் ஆயு என்ற சரக்குக் கப்பல், இழுவைக் கயிறு அறுந்து, வழக்கமான நங்கூரங்களும் பிடிக்காமல், உனலாஸ்கா தீவுக் கரையில் மோதி இரண்டாக உடைந்தது; மாலுமிகளை மீட்க வந்த ஹெலிகாப்டர் விழுந்ததில் ஆறு மாலுமிகள் இறந்தனர். இத்தகைய கப்பலுக்கு ஒதுங்கும் வேகத்தைச் சற்றே குறைக்க முடிந்தாலும், வலுவான இழுவைக்கப்பல் வந்து சேர அதனால் கிடைக்கும் நேரம் உதவும் என்பதால், பெரிய கடல் நங்கூரங்களுக்கான முயற்சிகளை நான் மனமார வரவேற்கிறேன்.

கடல் நங்கூரம் பயன்படக் கடலில் இடமும் வேண்டும். 2023 செப்டம்பரில் கூடங்குளம் அருகே இழுவைக் கயிறு அறுந்த மிதவைக்கலம் பாறையில் தட்டி நின்றதைப் போல, கரை நெருங்கிவிட்ட பின் இது பெரிதாக உதவாது.

எங்கள் படகுக்கு ஒன்றை நானும் பெரியப்பாவும் வீட்டு முற்றத்தில் அமர்ந்து தைத்தோம். கூம்பின் சிறிய வாயில் தனியே ஒரு மெல்லிய கயிற்றையும் கட்டினோம்; அதை இழுத்தால் நீர் கொட்டிவிடும், தூக்குவது எளிது. இப்போது அது அணியத்தில், கைக்கெட்டும் இடத்தில், சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.