கருப்பட்டியின் வாய்

நான் ஏறும் குதிரை கருப்பட்டிக்கு ஐந்து மாதத்தில் மூன்று பிட், அதாவது வாய்க்குள் மாட்டும் கடிவாள இரும்பு, மாற்றிவிட்டேன். மூன்றும் சரிப்படவில்லை. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அன்றைக்குத்தான் லாயத்து பாய் கேட்டார்: "கம்பியவே மாத்திகினு கீறீங்களே மா, வாயப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. தினமும் காலையில் அந்த வாய்க்குள் இரும்பை வைத்து ஏறி உட்கார்ந்தவள், ஒரு நாள்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். சென்னையில் குதிரை ஏறுகிற யாராவது ஒருவருக்கு இது முன்கூட்டியே கிடைத்தால், ஒரு குதிரையின் வாய் தப்பிக்கும்.

கருப்பட்டிக்கு ஒன்பது வயது. கிண்டி ரேஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் இனம், காயடித்த ஆண் குதிரை. காகிதத்தில் நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு; ஆனால் வெயில் படும்போது அந்தக் கரும்பழுப்பு உடம்பைப் பார்த்தால் உடன்குடிக் கருப்பட்டிதான் ஞாபகம் வரும். ஈ.சி.ஆரில் ஒரு சின்ன லாயத்தில் இருக்கிறான். அடையாறில் இருந்து ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தால் ஐந்தரைக்குள் போய்விடலாம். ஏழரைக்கு மேல் நம் ஊர் வெயிலில் குதிரையை வேலை வாங்குவது பாவம்.

ஒரு வார்த்தை விளக்கம். கடிவாளம் என்று நாம் மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். தலையில் மாட்டும் தோல்வார், கையில் பிடிக்கும் லகான், வாய்க்குள் போகும் இரும்பு எல்லாம் அதில் அடங்கும். அந்த இரும்பை மட்டும் லாயத்தில் பிட் என்பார்கள், பாய் கம்பி என்பார். நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

பிரச்சினை இதுதான். நடை வரைக்கும் ஒழுங்காக இருப்பான். டிராட், அதாவது மெல்லோட்டம், ஆரம்பித்ததும் தலையை மேலே எறிவான், கையில் முழு பாரத்தையும் போட்டுச் சாய்வான். இடது பக்கம் வட்டம் போடச் சொன்னால் கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டு வலது பக்கமே போவான். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: "ரேஸ் குதிரை, வாய் மரத்துப் போயிருக்கும். ஸ்ட்ராங்கா ஒன்னு போடுங்க."

ரேஸில் ஓடிய குதிரை கையில் சாய்வது அடங்காமையால் அல்ல. லகானை இறுக்கிப் பிடித்தால் அதில் சாய்ந்துகொண்டு வேகமாக ஓடத்தான் அதைப் பழக்கியிருப்பார்கள். நமக்கு இழுத்தால் நில் என்று அர்த்தம், அவனுக்கு இழுத்தால் ஓடு என்று அர்த்தம். இன்னும் பலமாக இழுத்தால் இன்னும் வேகமாக ஓடு என்றுதான் அவன் புரிந்துகொள்வான். வலுவான பிட் இந்தக் குழப்பத்தைத் தீர்க்காது. ஆனால் அப்போது இது எனக்குத் தெரியாது.

முதலில் இருந்தது லாயத்தில் கிடந்த ஒரு லூஸ் ரிங் ஸ்னாஃபிள், இரண்டு ஓரத்திலும் வளையம் துளைக்குள் சுழலும் வகை. ஸ்னாஃபிள் என்றால் லகானை இழுக்கும் அளவு அப்படியே வாய்க்குப் போகும், அதிகமும் ஆகாது, குறையவும் குறையாது. இது நடுவில் ஒரே மூட்டு உள்ளது. இரண்டு பக்கமும் இழுத்தால் பாக்குவெட்டி போல மடங்கி, மூட்டு மேல்நோக்கிக் கிளம்பும். மேலண்ணம் தாழ்ந்த குதிரைக்கு அது போய் அண்ணத்தில் குத்தும்.

இரண்டாவது, ரப்பர் சுற்றிய தடித்த பிட். தடித்தது மென்மையானது என்று எல்லோரும் சொல்வார்கள், பாதி உண்மை. அகலமான பரப்பில் அழுத்தம் பரவும் என்பது சரி. ஆனால் குதிரையின் வாய் காலி அறை கிடையாது. வாயை மூடினால் நாக்கே முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளும். இவனுக்கு வாய் குறுகல், நாக்கு தடிமன். கருப்பட்டிக்கு அந்த ரப்பரோடு வாயை மூடவே முடியவில்லை. வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தான்.

மூன்றாவது, பெல்ஹாம். இதில் பிட்டின் இருபுறமும் கீழே இறங்கும் கைகள் உண்டு, தாடைக்கு அடியில் ஒரு சங்கிலி. கடப்பாரையால் கல்லைப் புரட்டுகிற அதே கணக்கு: லகானில் கொஞ்சம் இழுத்தால் வாயில் பல மடங்கு. கூடவே சங்கிலி தாடையை நெருக்கும், தலைவார் காதுக்குப் பின்னால் உச்சியை அழுத்தும். தேர்ந்த கையில், விரலசைவில் பேசுவதற்கான கருவி அது. அன்றைய என் கை அப்படிப்பட்டது இல்லை.

பெல்ஹாமோடு இரண்டாம் நாள் கருப்பட்டி கழுத்தை வில்லாக வளைத்து, மோவாயை மார்புக்கு இழுத்துக்கொண்டு, அழகாக நடந்தான். எல்லோரும் பாராட்டினார்கள். போட்டோகூட எடுத்தோம். ஒரு வாரம் கழித்து அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் நாக்கின் நுனி வலது உதட்டோரம் வெளியே தொங்குவதும், கண்ணின் வெள்ளை தெரிவதும் கண்ணில் பட்டது. அவன் பணியவில்லை. வலியில் இருந்து பின்வாங்கி நின்றிருக்கிறான். அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அதிலிருந்து எந்தக் குதிரையைப் பார்த்தாலும் என் கண் முதலில் வாய்க்குத்தான் போகிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளைச் சின்ன வயதில் இருந்து பார்த்திருக்கிறேன். போன முறை போனபோது வீரர்களை விட்டுவிட்டு, குதிரைகளின் வாயையும் முகத்து வார்களையும்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, பாய் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கருப்பட்டியின் பக்கத்தில் நின்று, கட்டைவிரலை உதட்டோரம் நுழைத்தார். வாய் திறந்தது. "இங்க பல்லு இல்ல, பயப்படாத கைய வுடு மா" என்றார்.

முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. பிட் உட்காருவது அங்கேதான். என் சுட்டுவிரலை அந்த ஈறின் மேல் வைத்தேன். ஈரமாக, சூடாக இருந்தது. அடியில் எலும்பு, மேலே ஒரு மெல்லிய தோல், அவ்வளவுதான். நம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைத் தடவினால் எப்படி இருக்கும், அப்படி. அதுவும் தட்டையாக இல்லை, விளிம்பாக இருந்தது. கட்டில் காலில் முன்னெலும்பு இடித்துக்கொண்டால் உயிர் போகுமே, அந்த இடத்தின் மேல்தான் இத்தனை நாள் சங்கிலி போட்டு நெம்பியிருக்கிறேன். அவன் நாக்கு என் விரலை மெதுவாகத் தள்ளியது, கடிக்கவில்லை.

பாய் டார்ச் அடித்துக் காட்டினார். இடது உதட்டோரம் உள்பக்கம் புண், அரை அங்குலம் இருக்கும், பழையது. ஆண் குதிரைகளுக்கு அந்த வெற்றிடத்திலேயே கோரைப்பல் ஒன்றும் இருக்கும். பொதுவாக ஆண் குதிரைக்கு 40 பல், பெட்டைக்கு 36 என்பது இதனால்தான். பிட்டைத் தாழ்வாகக் கட்டினால் அந்தப் பல்லில் போய் இடிக்கும். அப்புறம் மேல் இடது கடைவாயின் முன்னால், அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு குட்டிப் பல். "ஓநாய்ப்பல்னு சொல்வாங்க, டாக்டரக் கூப்டுங்க" என்றார். வலது வட்டம் போகும்போது ஒன்றும் இல்லாதவன் இடது வட்டத்தில் ஏன் விறைத்தான் என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. இடது லகானை எடுக்கும்போதெல்லாம் அந்தப் புண்ணிலும் பல்லிலும்தான் போய்ப் பட்டிருக்கிறது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ஒருவர் லாயத்துக்கே வந்தார். மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து நிறுத்தும் சட்டத்தை மாட்டி, முழுதும் பார்த்தார். குதிரைப் பல் ஆயுள் முழுக்க ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும், வருஷத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். மெல்லும்போது தேய்ந்து ஈடாகும். ஆனால் மேல்வரிசை கீழ்வரிசையை விட அகலம் என்பதால் மேல்பற்களின் வெளிவிளிம்பு தேயாமல் கத்தியாக நிற்கும், கன்னத்தைக் கிழிக்கும். கருப்பட்டிக்கும் கிழித்திருந்தது. அரத்தால் ராவினார்கள், ஓநாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். வருஷம் ஒரு முறையாவது இதைப் பார்க்க வேண்டும் என்றார். மூன்று வாரம் வாயில் எந்த பிட்டும் மாட்டவில்லை. கழுத்துக் கயிற்றோடு நடைதான், கூடவே நானும் நடந்தேன்.

அந்த மூன்று வாரத்தில்தான் அளவு எடுத்தோம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வழவழப்பாக்கிய மூங்கில் குச்சி ஒன்றை பிட் உட்காரும் இடத்தில் குறுக்கே வைத்து, உதடு முடியும் இரண்டு இடத்திலும் பேனாவால் கோடு போடுங்கள். கருப்பட்டிக்கு 12 சென்டிமீட்டர். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலத்துக்கும் குறைவாக இடம் விட்டால், 12.5, அதாவது சுமார் ஐந்து அங்குல பிட். நான் முதலில் போட்டது ஐந்தரை அங்குலம்! அது வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, வளையத்துத் துளையில் உதட்டை நசுக்கியிருக்கிறது. ஒற்றை மூட்டு நடுவில் நிற்காமல் தாழ்ந்து தொங்கியிருக்கிறது. புண் எங்கிருந்து வந்தது என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம் தேர்வு. மூன்று விஷயம்தான் பார்த்தேன். ஒற்றை மூட்டு வேண்டாம். நடுவில் உருண்டையான சின்னத் துண்டு வைத்த இரட்டை மூட்டு நாக்கின் மேல் படிந்து உட்காரும். அந்தத் துண்டு தட்டையாகவும் சாய்வாகவும் இருந்தால் வேறு வகை, அது நாக்கில் வெட்டும்; கடையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், விரலால் தடவிப் பாருங்கள். தடிமன் 14 மில்லிமீட்டர். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு டிரஸ்ஸாஜ் என்னும் நுட்பச் சவாரிப் போட்டிகளில் குதிரையின் ஸ்னாஃபிளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவும் அதுதான். அதைவிட மெல்லியது வேண்டாம், இவன் வாய்க்கு அதைவிடத் தடித்ததும் வேண்டாம். மூன்றாவது, வளையம் அசையாத எக்பட். உதடு மாட்டிக்கொள்ள இடமே இல்லை. கான்பூரில் இருந்து வரவழைத்தோம், நம் நாட்டுச் சேணத் தொழில் பெரும்பாலும் அங்கேதான்.

மாற்றுவதற்கும் ஒரு பொறுமை வேண்டும். முதல் நாள் லகான் இல்லாமல், தலைவாரில் பிட்டை மட்டும் மாட்டி, லாயத்துக்குள்ளேயே பத்து நிமிஷம் விட்டேன். பிட்டில் கருப்பட்டி தடவியிருந்தேன், நிஜக் கருப்பட்டி. நக்கினான், மென்றான், பிறகு மறந்துவிட்டான். நான்காம் நாள் நடை. பத்தாம் நாள்தான் டிராட். உதட்டோரம் ஒன்று அல்லது இரண்டு மடிப்பு விழும் உயரத்தில் கட்ட வேண்டும் என்பார்கள். அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, கோரைப்பல்லைத் தொடாமல் இருக்கிறதா, வாய் அமைதியாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு துளை ஏற்றி இறக்கினேன். மூக்குவாருக்குக் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும். வாயைத் திறக்கவிடாமல் இறுக்கிக் கட்டினால், வலிக்கிறது என்று சொல்லும் வழியையே அடைத்துவிடுகிறோம்.

வெளிநாட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் பிட்டைச் சூடாக்கிப் போடச் சொல்வார்கள். நம் ஊரில் எதிர்மாறு. மே மாதத்தில் வெயில் படும் ஆணியில் தொங்கிய இரும்பை அப்படியே வாயில் வைக்காதீர்கள், வாளித் தண்ணீரில் முக்கிவிட்டு மாட்டுங்கள். ஏறி முடித்ததும் கழுவுங்கள். காய்ந்த எச்சிலும் உப்புக்காற்றும் சேர்ந்து வளையத்தைச் சொரசொரப்பாக்கும். பிட் சேரும் இடத்தில் கன்னத்து வாரின் தையலையும் பாருங்கள். ஐப்பசி மழையில் எங்களுக்கு அந்தத் தையல்தான் முதலில் இற்றுப்போனது. பெரியமேட்டில் ஒரு தோல் கடையில் கொடுத்து இரட்டைத் தையல் போட்டு வாங்கினேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முள் வைத்த கடிவாளம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வண்டி இழுக்கவோ சவாரிக்கோ, கூர்முனையோ முடிச்சோ உள்ள பிட்டைப் போடக்கூடாது என்று 1965-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது. யாராவது உங்களிடம் அப்படி ஒன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த எலும்பின் மேல் ஒரு முறை விரலை வைத்துப் பார்த்தவர் யாரும் அதைப் போட மாட்டார்.

கருப்பட்டி இன்னும் சில நாள் கையில் சாய்வான். ரேஸ் பழக்கம் பிட் மாற்றினால் போகாது. நான் விட்டுப் பிடிக்க, அவன் தன் பாரத்தைத் தானே தாங்க, இரண்டு பேரும் பழகிக்கொண்டிருக்கிறோம். ஆனால் தலை எறிவது நின்றுவிட்டது. போன வெள்ளிக்கிழமை இடது வட்டத்தில் டிராட் போகும்போது உதட்டில் மெல்லிய நுரை கட்டியிருந்தது, தாடை தளர்ந்து மென்றுகொண்டே வந்தான். பாய் வேலியோரம் நின்று பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் பெல்ஹாமை ஆணியில் இருந்து எடுத்துக்கொண்டு போனார்.

லாயத்துக்குப் புதிதாக ஒரு பெட்டைக் குதிரை வந்திருக்கிறாள். கூடவே வந்த பிட் கையில் இருக்கிறது, இன்னும் மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வருகிறார். குச்சியை உப்புத்தாளில் தேய்த்து வைத்திருக்கிறேன்.