பூட்டனாரின் மரண அறிவித்தலைத் தேடி அலைந்த கதை

ஐந்து வரி அச்சுக்காக எட்டு மாதம் அலைந்திருக்கிறேன். அதில் ஆறு மாதம் வீணாகப் போனது, அதுவும் அம்மம்மா சொன்னதை நான் காதில் வாங்காததால். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு அந்த ஆறு மாதமாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேடியது அம்மம்மாவின் தகப்பனாரை. மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்து, பென்சன் எடுத்துக்கொண்டு, இரண்டாம் உலகச் சண்டை தொடங்க முன்பே யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம் வந்து வீடு கட்டியவர். பெயர் கந்தையா, செல்லையா மாதிரி ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் பெயர். திதி தெரியும், மாசி அபரபக்கத் (தேய்பிறைத்) தசமி. அன்றைக்கு அம்மம்மா ஐயருக்கு அரிசி காய்கறி கொடுத்து விரதம் இருப்பார், ஒரு வருடமும் தவறியதில்லை. செத்த ஆண்டுதான் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. வீட்டில் இருந்த கல்வெட்டு, அதாவது செத்த திதியை வெண்பாவில் சொல்லி அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம், சண்டையால் ஊரே கிளம்பிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு போய்விட்டது.

கனடாவில் இருக்கும் மாமாவிடம் கேட்டேன். "பார்த்திப வருஷம் பிள்ளை, கல்வெட்டில திதி வெண்பா இருந்தது, எனக்கு இன்னும் பாடம். பார்த்திப எண்டால் நாற்பத்தைஞ்சு" என்றார். நானும் ஒரு பட்டியலைப் பார்த்தேன், பார்த்திப என்பதற்கு நேரே 1945 என்று இருந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்து, மரணப் பதிவின் பிரதி கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் 1945 என்று எழுதிவிட்டேன்.

முதல் பயணம் அந்தப் படிவத்தோடுதான். இரவு பஸ்ஸில் போய், காலை எட்டரைக்கே பிரதேச செயலகத்தில் நின்றேன். லிகிதர் (எழுத்தர்) படிவத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பதிவாளர் பிரிவு என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். ஊர் வேறு, பிரிவு வேறு, அது இங்கே வராது என்று இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே போனால் இது அங்கேதான் என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது சாப்பாட்டு நேரம். இரண்டு மணிக்கு அதே லிகிதர், "பழைய புத்தகம் எல்லாம் உக்கிப்போச்சு தங்கச்சி, தொட ஏலாது" என்றார். உக்கிப்போன புத்தகத்தைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன், பதில் இல்லை. கடைசியில் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று கிழமை கழித்துத் தபாலில் வந்தது: தேடப்பட்டது, பதிவு இல்லை.

அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் நான் செய்த இரண்டாவது பிழை, பதிவே அழிந்துவிட்டது என்று முடிவு கட்டியது. எங்கள் பக்கத்தில் அப்படி நினைப்பது லேசு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் புத்தகங்களும் சுவடிகளும் போயின, அதற்குப் பிறகு நடந்த இடப்பெயர்வுகளில் வீடுகளில் இருந்ததும் போனது. எது இல்லை என்றாலும் எரிந்திருக்கும் என்றுதான் மனம் முதலில் சொல்லும். தயவுசெய்து அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். "பதிவு இல்லை" என்றால் நீங்கள் கொடுத்த காலத்தில் இல்லை என்பது மட்டும்தான் அர்த்தம்.

அப்புறம் பத்திரிகைகள். அந்தக் காலத்து யாழ்ப்பாண மரணச் செய்திகளுக்கு ஈழகேசரி, இந்து சாதனம் மாதிரியானவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஈழகேசரி 1930இல் சுன்னாகத்தில் தொடங்கி 1958 வரை வந்த வார இதழ். நூலகம் என்ற இணையத் தளத்தில் பழைய இதழ்கள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள், கல்வெட்டுகளும் நினைவு மலர்களும்கூட. நான் பார்த்த பழைய இதழ்கள் படமாக இருந்ததால் ஆளின் பெயரைத் தட்டித் தேட முடியவில்லை, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. தலைப்பும் இப்போது மாதிரி "மரண அறிவித்தல்" என்று பெட்டி கட்டி இருக்காது. "மரணம்", "தேகவியோகம்", "சிவபதம்" என்று பலவிதமாக, சில நேரம் ஊர்ச் செய்திகளுக்கு நடுவே, கோயில் திருவிழாவுக்கும் பாடசாலைப் பரிசளிப்புக்கும் இடையில் இரண்டு வரியாகக் கிடக்கும். சனி ஞாயிறு தவறாமல் 1945ஐ முழுதாகப் பார்த்தேன், கொழும்பில் பழைய பத்திரிகைக் கட்டுகள் உள்ள இடங்களிலும் போய்ப் பார்த்தேன். அதே பெயரில் மூன்று பேர் செத்திருந்தார்கள், மூவரும் வேறு ஆட்கள். ஒருவரை எங்கள் ஆள் என்றே நம்பி இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன், பிறகு பார்த்தால் அவர் கரவெட்டி, வேறு ஊர்.

வழி திறந்தது அம்மம்மாவால். ஒரு நாள் சும்மா கதைத்துக்கொண்டிருந்தபோது தன் ஐயா செத்த அன்றைய நாளைச் சொன்னார். முற்றத்தில் பாயில் ஒடியல் (பனங்கிழங்கைக் காயவைத்தது) காயப் போட்டிருந்ததாம், செத்த வீட்டுக்கு வந்த சனம் மிதிக்கத் தொடங்கியதும் யாரோ ஒரு பெண் அதை அப்படியே பாயோடு சுருட்டிக் கிணற்றடியில் கொண்டுபோய் வைத்தாராம், எட்டு வயதுப் பிள்ளையாக அந்தப் பாய் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "மலாயாவில இருந்து பெரியண்ணையின்ர கடிதம் வந்தது, உயிரோட இருக்கிறார் எண்டு. அதை வாசிச்சு ஒரு கிழமையில ஐயா படுத்தவர்."

இதை முதல் மாதமே சொல்லியிருந்தார். அப்போது நான் குறித்துக்கூட வைக்கவில்லை. 1945 மாசியில் மலாயா யப்பான்காரனின் கையில் இருந்தது, அவன் சரணடைந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில். மாசியில் எப்படிக் கடிதம் வந்திருக்கும்?

அப்போதுதான் பஞ்சாங்கக் கணக்கை ஒழுங்காகப் பார்த்தேன். பார்த்திப வருடம் 1945 சித்திரையில் பிறந்து 1946 பங்குனியில் முடிகிறது. மாசி வருவது 1946 பெப்ரவரியில். மாமா சொன்ன வருடப் பெயர் சரி, வெண்பாவும் சரி, அதை ஆங்கில ஆண்டாக மாற்றியதில்தான் பிழை. தை, மாசி, பங்குனி, அதோடு மார்கழியின் பிற்பாதி, இவற்றில் செத்தவர்களுக்கு எப்போதும் ஒரு ஆண்டு கூட்டிப் பாருங்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதையும் மறக்க வேண்டாம். வெண்பாவில் "விரோதிகிருது" என்று இருந்தால் அது 1911ஆகவும் இருக்கலாம், 1971ஆகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பூட்டனாரின் தங்கை வழியில் ஒரு வீடு சண்டிலிப்பாயில் இருக்கிறது, அங்கே கேட்டதும் றங்குப்பெட்டியிலிருந்து கல்வெட்டை எடுத்துத் தந்தார்கள். ஓரமெல்லாம் பூச்சி அரித்து, அட்டை இல்லாமல், ஆனால் திதி வெண்பா முழுதாக இருந்தது. உங்கள் வீட்டுக் கல்வெட்டு தொலைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அந்தியேட்டியன்று, அதாவது செத்து ஒரு மாதத்தில் செய்யும் சடங்கன்று, சொந்தக்காரர் எல்லாருக்கும் கொடுத்ததுதானே, யாராவது ஒருவர் சாமி அறையிலோ பெட்டியிலோ வைத்திருப்பார். மரண வீட்டுக்காரரை விட, சம்பந்தி வீடுகளில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பத்திரிகைச் செய்தி 1946 மார்ச்சில் கிடைத்தது. வார இதழ் என்றால் செத்த கிழமையில் தேடிப் பயனில்லை, அடுத்த இரண்டு மூன்று இதழ்களைப் பார்க்க வேண்டும், ஒரு மாதம் தள்ளி அந்தியேட்டிச் செய்தியும் வரலாம்.

சரியான தேதியோடு இரண்டாம் முறை அதே பிரதேச செயலகத்துக்குப் போனேன். அதே லிகிதர், தொட ஏலாது என்ற அதே புத்தகங்கள். இருபது நிமிடத்தில் பதிவை எடுத்துவிட்டார். வயது, தொழில், சாவுக்குக் காரணம் நெருப்புக் காய்ச்சல், தகவல் கொடுத்தவர் மருமகன். ஆறு மாதத்துக்கு முன்பு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, பிரதி கையில் வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

மலாயாத் தொடர்பு உள்ள குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருக்கிறது, தமிழ் முரசு உட்பட. ஆங்கிலப் பத்திரிகைகளில் எழுத்தைத் தட்டித் தேடலாம், ஆனால் ஒரே பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார்க்க வேண்டும், கந்தையாவை கே போட்டும் எழுதுவார்கள், சி போட்டும் எழுதுவார்கள். பெரியண்ணையை இனி அங்கேதான் தேடப் போகிறேன்.

செய்தியை அச்செடுத்து அம்மம்மாவிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். மலாயாவில் இருக்கும் புதல்வர்கள் இருவரின் பெயர் இருந்தது, மருமகனின் பெயர் இருந்தது, பூட்டியின் பெயர் இல்லை, வெறும் "மனைவியார்". பெண்பிள்ளைகளின் பெயரும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அம்மம்மா கடைசி வரியில் விரலை வைத்து நிறுத்தினார். "ஓர் இளம் புத்திரியையும்" என்று இருந்தது.

"இது நான்" என்றார்.

பிறகு, இதைப் பெரிசாக அடித்துத் தா, ஐயாவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றார். அடுத்த நாளே கடையில் கொடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டேன்.