இரண்டு பேர் என்று சொல்லிப் பத்துப் பேர்

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் நவம்பரில் தேர்வுகள் முடிந்தால் பிப்ரவரி இறுதியில்தான் அடுத்த பருவம் தொடங்குகிறது. அவர்களுடைய கோடை விடுமுறை நமக்கு மார்கழியும் தையுமாக அமைவதால், மெல்பர்னில் முதுகலை படிக்கும் என்னைப் போன்றவர்கள் பொங்கலுக்கு ஊர் வந்துவிடலாம். டிசம்பர் மாத விமானக் கட்டணத்தைக் கட்ட முடிந்தால் மட்டுமே என்பது வேறு விஷயம்.

திருப்பூருக்கு வந்ததிலிருந்து உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்க நம்ம பசங்கள அடிக்கறாங்களாமே கண்ணு?" என்பதுதான். 2009இல் மெல்பர்னில் இந்திய மாணவர்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டதும், மே மாத இறுதியில் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தின் முன் சாலையில் அமர்ந்ததும் இன்னும் அவர்கள் நினைவில் இருக்கின்றன. என்னை யாரும் அடித்ததில்லை என்றதும் நிம்மதி அடைகிறார்கள். டிராம் நிறுத்தத்தில் நின்றபோது ஓடும் காரிலிருந்து ஒருவன் கத்திவிட்டுப் போனதை அம்மாவிடம் சொல்லவில்லை. அது அன்றிரவே மறந்துபோகக்கூடியது.

மறக்க முடியாதது வாடகை வீடு தேடும் படலம். வீட்டைப் பார்வையிடப் பதினைந்து நிமிடம் ஒதுக்குவார்கள். நடைபாதையில் வரிசை நிற்கும். முகவர் கைப்பேசியில் பெயர்களைச் சரிபார்த்து உள்ளே விடுவார். அப்படி ஒரு வீட்டில், பஞ்சாபி நண்பனையும் என்னையும் பார்த்துச் சிரித்த முகத்துடனேயே முகவர் சொன்னார்: மாணவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்துப் பேர் தங்கிவிடுகிறார்கள், மேலும் உங்கள் சமையல் வாசனை கம்பளத்தில் ஏறினால் போவதில்லை. இன அடிப்படையில் வீடு மறுப்பதை 1975ஆம் ஆண்டின் இனப் பாகுபாடு தடைச் சட்டம் சட்டவிரோதமாக்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் தலைக்கணக்கையும் கம்பளத்தையும் பற்றித்தானே பேசினார்! மற்ற முகவர்கள் காரணமே சொல்வதில்லை. பருவம் நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் மட்டுமே வேலை செய்ய விசா அனுமதிக்கும் நிலையில், வருமானம் போதாது என்றுகூட ஒதுக்கியிருக்கலாம். தோலா, சம்பளமா என்று ஒவ்வொரு மறுப்புக்கும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் களைப்பூட்டுகிறது.

நிறத்தைச் சொல்லாமல் நிறத்தை விலக்கும் கலை அந்நாட்டில் பழையது. 1901ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஆசியர், கறுப்பர் என்ற சொற்கள் கிடையாது. ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பத்தியை அதிகாரி வாசிக்க, வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும், அவ்வளவுதான். எந்த ஐரோப்பிய மொழி என்பதை அதிகாரி தீர்மானிப்பார். நன்றாக ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறொரு மொழியில் வாசித்தால் வேலை முடிந்தது. இந்தத் தேர்வு 1958 வரை நீடித்தது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னபோது அவர் உண்மையாகவே கொதித்தார். அவர் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறார். பொங்கலுக்கு மதுரை, தேனிப் பக்கத்துத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் மட்டும் அறைகளில் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு, பவர் டேபிள் தையலில் கைதேர்ந்த பையன், அண்ணனுடன் தங்க வீடு வேண்டியிருந்தது. பக்கத்து லைன் வீட்டுக்காரரிடம் கேட்டபோது அவர் சொன்னார்: "ரெண்டு பேருன்னு சொல்லிப்போட்டுப் பத்துப் பேரு தங்கிக்குவானுங்க. கடுகெண்ணெய் வாசம் வேற." மாமாவும் தலையாட்டினார். மெல்பர்ன் முகவரும் இதையேதான் சொன்னார் என்று நான் நினைவூட்டியதும் சிரித்துவிட்டார். "அது வேற, இது வேற மாப்ள. உன்னையப் படிச்ச பையன்னு அவங்க பார்க்க வேண்டாமா?"

மாமா கெட்டவர் அல்லர். அந்தப் பையனின் மருத்துவச் செலவை ஏற்றவர். ஆனால் அவருடைய கோபம் பாகுபாட்டின் மீது அல்ல, அது ஆள் மாறி என் மீது விழுந்ததன் மீதுதான். வெளிநாட்டில் நம் மாணவர்களின் புலம்பலிலும் பெரும்பகுதி இந்த வகைதான்: நம்மை அவர்களோடு சேர்த்துவிட்டார்களே என்பது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் வாழும் பகுதியில் வீடு பார்க்காதே என்று புதிதாக வருபவனுக்கு முதலில் அறிவுரை சொல்வதும் நாம்தான்.

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அவை பொய் என்று காவல்துறை நிறுவியதும், நம் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லை என்று நாம் முடிவுகட்டிக்கொண்டோம். 2009 தாக்குதல்களை வெறும் வழிப்பறி என்று, மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் சொல்லிக்கொண்டவர்களுக்கும் அந்த நிம்மதி கிடைத்திருக்கும்.

கடைசியில் மாமா பொறுப்பேற்றதால் பையனுக்கு வீடு கிடைத்தது, முன்பணம் மட்டும் மற்றவர்களைவிட அதிகம். "அங்கயும் யாராச்சும் பொறுப்பேத்துக்கிட்டா வீடு குடுப்பாங்களா?" என்று மாமா கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான், முன்பு குடியிருந்த வீட்டின் முகவர் பரிந்துரை தந்தால் விண்ணப்பத்துக்கு மதிப்பு கூடும். முதல் வீடே கிடைக்காதவன் அதற்கு எங்கே போவான் என்று அவர் உடனே கேட்டார்.