ஒற்றைச் சிப்பும் ஐம்பதாயிரம் ஆண்டுகளும்

பிப்ரவரி 3, 2025 – திங்கள்

பிட்காயின் தேடும் யு.எஸ்.பி. மைனர் இன்று ஓடத் தொடங்கியது. பிட்காயின் பரிவர்த்தனைகளைத் தொகுத்த ஒரு பிளாக்குக்குப் பொருந்தும் எண்ணை ஊகித்துக்கொண்டே இருப்பதுதான் மைனரின் வேலை; முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசாகப் பிட்காயின். கெக்கோசயின்ஸ் காம்பேக் எஃப் என்ற வகை. உள்ளங்கையில் அடங்கும் பலகை, அதைவிடப் பெரிய ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதி). நடுவே ஒரே ஒரு சிப், பிஎம்1397. 2019இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்17 பெட்டிக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவை வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அதே சிப்தான். அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்த ஒன்று என் மேசையில் இருக்கிறது.

சிப்புக்குள் 672 சிறிய கணக்கிடும் அலகுகள். 450 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டால் நொடிக்குச் சுமார் 300 கிகாஹாஷ் வருகிறது. ஹாஷ் என்பது விடை தேடும் ஒரு முயற்சி; அதாவது நொடிக்கு முப்பதாயிரம் கோடி முயற்சிகள். பெருமையாகத்தான் இருந்தது. உலகம் முழுவதும் ஓடும் பிட்காயின் இயந்திரங்களின் கூட்டு வேகம் இப்போது நொடிக்கு 770 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் நூறு கோடி கிகாஹாஷ்) அளவில் இருக்கிறது என்று பார்த்தபிறகு பெருமை அடங்கியது. என்னுடையதைப் போல 250 கோடிக்கும் மேற்பட்ட கருவிகளுக்கு அது சமம்.

மென்பொருள், சிஜிமைனரிலிருந்து கிளைத்த ஒரு பதிப்பு. மூலத்தை எழுதிய கான் கொலிவாஸ் தொழிலால் மயக்க மருந்து மருத்துவர், ஆஸ்திரேலியர். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு, எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் எழுதியும் பெயர் வாங்கியவர். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடும் அந்தப் பழைய முகப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. வரைபடமும் வண்ணமும் காட்டும் மென்பொருள்கள் எல்லாம் எதையோ விற்க வந்தவைபோலத் தோன்றுகின்றன.

பிப்ரவரி 4 – செவ்வாய்

காலையில் பார்த்தபோது கருவி திரையில் இல்லை. பிடுங்கிச் செருகினால் வருகிறது, சில நிமிடங்களில் மறுபடி மறைகிறது.

காரணம் மின்சாரம். யு.எஸ்.பி. 2.0 விதிப்படி ஒரு துளை தரவேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், ஆக 2.5 வாட். யு.எஸ்.பி. 3.0 என்றால் 900 மில்லி ஆம்பியர், 4.5 வாட். இந்தக் கருவி 12 வாட் கேட்கிறது, அதாவது கிட்டத்தட்ட இரண்டரை ஆம்பியர். கணினியின் துளையில் நேரடியாகச் செருகுவது அநியாயம் என்பதால் பல யு.எஸ்.பி. துளைகளும் தனி அடாப்டரும் உள்ள ஹப் வாங்கியிருந்தேன். அடாப்டரின் மேல் அச்சிட்ட எண் பெரிதுதான். ஆனால் அது எல்லாத் துளைகளுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. ஒவ்வொரு துளையிலும் தனியே ஒரு மின்வரம்பு இருக்கிறது. சிறு அளவுமானியை இடையில் செருகிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 5.1 வோல்ட். சிப் வேலையைத் தொடங்கியதும் 4.6. அதற்குக் கீழே போனதும் ஹப் கையை விரித்துவிடுகிறது.

வெளிப்பெட்டியில் ‘அதிவேக சார்ஜிங்’ என்று எழுதியிருக்கும் ஹப்புகள் இந்த வேலைக்கு வரும் என்று யாரும் நம்ப வேண்டாம். கைப்பேசி தன் தேவையைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கும். மைனருக்கு அந்தப் பழக்கம் இல்லை. இரவும் பகலும் ஒரே அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும், ஒவ்வொரு துளைக்கும் மூன்று ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய கனமான ஹப் ஒன்றை நண்பரிடமிருந்து கேட்டு வாங்கி மாட்டினேன். வோல்ட் 5ஐ விட்டு அசையவில்லை.

பிப்ரவரி 6 – வியாழன்

ஹீட் சிங்க்கைத் தொட்டால் விரலை வைக்க முடியவில்லை. பழைய கணினியிலிருந்து கழற்றிய சிறிய மின்விசிறியை எதிரில் நிறுத்தினேன். இப்போது தொடலாம். சத்தம் மட்டும் கூடிவிட்டது.

வேகத்தைக் கூட்டும் ஆசையில் 500 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிப் பார்த்தேன். திரையில் வன்பொருள் பிழைக் கணக்கு மளமளவென்று ஏறியது. சிப் ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று அனுப்பும் ஒவ்வொரு விடையையும் கணினி தானும் ஒருமுறை கணக்கிட்டுச் சரிபார்க்கும். தவறானவை அந்தப் பிழைக் கணக்கில் போகும். பலகையில் ஒரு சிறு திருகு இருக்கிறது. அதைத் திருப்பிச் சிப்பின் மின்னழுத்தத்தைக் கூட்டினால் பிழை குறையும், வெப்பம் ஏறும். கால் சுற்று திருப்பிப் பார்த்துவிட்டுப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். 450 போதும்.

பிப்ரவரி 8 – சனி

அக்கா மகன் வந்திருந்தான். கல்லூரியில் கணினி படிக்கிறான். திரையில் ‘இதுவரை கிடைத்ததில் சிறந்தது’ என்று ஒரு எண் நிற்கும்; கிடைத்த விடைகளில் மிக அரியது எவ்வளவு கடினமானது என்பதன் அளவு அது. அதைத்தான் முதலில் பார்த்தான்.

“மாமா, நேற்று போனில் 60 லட்சம் என்று சொன்னீர்கள். இன்று 4 கோடி காட்டுகிறது. நெருங்கிவிட்டோமா?”

“எதற்கு?”

“பிளாக்குக்குத்தான்.”

வேண்டிய அளவு, அதாவது பிட்காயின் விதி கேட்கும் கடினம், 108 லட்சம் கோடி என்றேன். சிரித்தான். ஆனால் அவன் கேள்வியில் இருந்த சிக்கல் அளவில் இல்லை. 4 கோடி கிடைத்ததால் 108 லட்சம் கோடிக்கு ஒரு படி அருகில் வந்துவிட்டோம் என்பதே இல்லை. பகடையை எத்தனை முறை உருட்டியிருந்தாலும் அடுத்த உருட்டலுக்கு அது தெரியாது. நேற்று முழுவதும் ஓடிய கருவிக்கும் இந்த நொடியில் செருகிய கருவிக்கும் அடுத்த நொடியின் வாய்ப்பு ஒன்றே. இதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனாலும் காலையில் எழுந்ததும் கண் முதலில் போவது அந்த எண்ணிடம்தான். கூடியிருந்தால் ஒரு மகிழ்ச்சி. மூளையின் இந்தப் பகுதிக்குக் கணிதம் ஏறுவதில்லை.

சொல்லிப் புரிய வைப்பதைவிடச் செய்து பார்க்கலாம் என்று பைத்தானில் பத்துப் பதினைந்து வரிகள் எழுதினோம். எடுத்துக்கொண்டது 2009 ஜனவரி 3 தேதியிட்ட, பிட்காயினின் முதல் பிளாக். அதன் தலைப்பகுதி 80 பைட்டுகள்தான்: பதிப்பு எண் 4, முந்தைய பிளாக்கின் ஹாஷ் 32 (முதல் பிளாக் என்பதால் அத்தனையும் சுழியம்), பரிவர்த்தனைகளின் சுருக்கமான மெர்க்கல் வேர் 32, நேரம் 4, இலக்கு 4, கடைசியாக, மைனர் மாற்றி மாற்றி முயலும் எண்ணான நான்ஸ் 4. அந்த 80 பைட்டுகளை எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் கணக்கின் வழியாக ஒருமுறை அனுப்பி, வந்ததை மறுபடி ஒருமுறை அனுப்ப வேண்டும்.

நான்ஸ் இடத்தில் 2083236893 என்று போட்டு ஓட்டினான். விடையில் சுழியங்கள் கடைசியில் வந்தன. பைட் வரிசையைத் திருப்பியதும் முன்னால் வந்து நின்றன, பத்துச் சுழியங்கள். அன்றைய விதிக்கு எட்டே போதும். பிட்காயினை உருவாக்கிய சடோஷி நாகமோட்டோவுக்கு இரண்டு கூடுதலாகவே கிடைத்திருக்கின்றன.

பிறகு நான்ஸின் கடைசி இலக்கத்தை 3லிருந்து 4 ஆக்கச் சொன்னேன். மீண்டும் ஓட்டினான். சுழியங்களைக் காணோம். முந்தைய விடைக்கும் இதற்கும் ஒரு ஒற்றுமையும் இல்லை. சற்று நேரம் திரையையே பார்த்தவன் 5, 6, 7 என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தான். பிறகு கீழ்நோக்கி 2, 1 என்றும். எங்கும் ஒரு தடயம்கூட இல்லை.

“பக்கத்து எண்ணில்கூட ஒரு வாடையும் அடிக்கவில்லையே, மாமா!”

அந்த ‘சிறந்தது’ எண்ணைப் பற்றி அவன் அதன்பிறகு கேட்கவில்லை.

பிப்ரவரி 10 – திங்கள்

நேற்று கடினம் மாறிவிட்டது. 2016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, பிளாக்குகள் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற சராசரியில் வந்தனவா என்று விதி தானே பார்த்துக்கொள்கிறது. வேகமாக வந்திருந்தால் கடினம் ஏறும். 108 லட்சம் கோடி 114 லட்சம் கோடி ஆகியிருக்கிறது.

கணக்கு எளிது. கடினத்தை 2இன் 32ஆம் அடுக்கால், அதாவது 429 கோடியால், பெருக்கினால் ஒரு பிளாக்குக்குச் சராசரியாகத் தேவைப்படும் முயற்சிகள் வரும். அதை 300 கிகாஹாஷால் வகுத்தேன்; என் கருவி ஒரு பிளாக் எடுக்கச் சராசரியாக ஆகும் காலம் வந்தது. கடந்த வாரம் சுமார் 49,000 ஆண்டுகள் என்று இருந்தது 51,800 ஆகியிருக்கிறது. ஒரே நாளில் எனக்கு 2,800 ஆண்டுகள் கூடிவிட்டன.

பிப்ரவரி 13 – வியாழன்

பழைய பிளாக் இரப்டர் ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். ஏசிக்மைனர் 2013இல் வெளியிட்டது. விரல் நீளக் குச்சி, 2.5 வாட், நொடிக்கு 333 மெகாஹாஷ். அந்த 2.5 வாட் யு.எஸ்.பி. 2.0 தரும் அளவோடு அப்படியே பொருந்துகிறது; வடிவமைத்தவரின் சிக்கனம் ரசிக்கத்தக்கது. கணினியில் செருகினால் போதும், ஹப் தேடி அலைய வேண்டியதில்லை. வந்த புதிதில் இது இரண்டு பிட்காயினை ஒட்டி விற்றது. இன்றைய விலையை வைத்து அதைப் பெருக்கிப் பார்க்காமல் இருப்பது மனநலத்துக்கு நல்லது.

செருகினேன், ஓடியது! பன்னிரண்டு ஆண்டுகள் பழைய சிப்.

நான்ஸுக்கு இருப்பது 4 பைட்டுகள், ஆக மொத்தம் 429 கோடி எண்கள். இந்தக் குச்சி அத்தனையையும் முயன்று முடிக்க 13 நொடிகள் ஆகின்றன. அதற்குள் பெரும்பாலும் ஒரு விடை, கடினம் 1 என்ற மிகத் தாழ்ந்த தரத்தில், கிடைக்கும். திரையில் அப்படித்தான் நிதானமாக ஒவ்வொன்றாக விழுகிறது. காம்பேக் எஃப் அதே 429 கோடியை ஒரு நொடிக்குள் எழுபது முறை முடித்துவிடுகிறது. அதனால்தான் நான்ஸ் தீர்ந்ததும் பரிவர்த்தனைப் பகுதியில் உள்ள மற்றொரு எண்ணை மாற்றி, மெர்க்கல் வேரையே புதிதாக்கி, வேலையை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கிறது.

பலர் சேர்ந்து தேடிப் பரிசைப் பங்கிட்டுக்கொள்ளும் பூலில் இணைத்தால் பழையவனுக்குப் பரிதாபமான நிலை. வேலை செய்ததற்குச் சான்றாகக் கருவி அனுப்பும் விடைகளுக்கு ஷேர் என்று பெயர்; பூல்கள் கடினம் 1 தரத்திலுள்ள ஷேர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 10,000 என்று வரம்பு வைத்தால் இந்தக் குச்சி ஒரு ஷேர் அனுப்புவதற்குச் சராசரியாக ஒன்றரை நாள் ஆகும். அதற்குள் இவன் இறந்துவிட்டான் என்று நினைத்து இணைப்பையே துண்டித்துவிடுவார்கள். 2013 நடுவில், கடினம் இரண்டரைக் கோடி அளவில் இருந்தபோது, இதே குச்சி தனியாக ஒரு பிளாக் எடுக்கச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் போதும். பரிசு அப்போது 25 பிட்காயின். இன்றைய கடினத்தில் நாலரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

பிப்ரவரி 17 – திங்கள்

பூலா, தனியாகவா?

பூலில் இருந்தால் காம்பேக் எஃப் எவ்வளவு ஈட்டும் என்று ஒழுங்காக எழுதிப் பார்த்தேன். 2024 ஏப்ரலில் பரிசு பாதியானபிறகு ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின். என் பங்கு நாளுக்கு 17 சடோஷி. ஒரு பிட்காயினில் பத்துக் கோடி சடோஷிகள். ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டாலரை ஒட்டி நிற்கும் இந்த நாட்களில் அது ஒன்றரை அமெரிக்க சென்ட்டைச் சற்றுத் தாண்டும். 12 வாட் கருவி மூன்றரை நாளுக்கு ஒரு யூனிட் தின்கிறது. ஒரு யூனிட்டுக்கு ஆறு சென்ட் அல்லது அதற்குமேல் கொடுப்பவர் யாராக இருந்தாலும் கைநட்டம்தான். இதில் ஹப்பையும் விசிறியையும் கருவியின் விலையையும் சேர்க்கவே இல்லை.

அந்த 17 சடோஷியும் கைக்கு வராது. பூல்களுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. ஒரு லட்சம் சடோஷி சேர்ந்தால்தான் அனுப்புவோம் என்று வைத்தால், 16 ஆண்டுகள் ஆகும். கடினம் ஏறாமல் இருந்தால். நீண்ட காலக் கணக்கில் அது ஏறாமல் இருந்ததே இல்லை.

ஆகவே ஒற்றைக் குச்சிக்குப் பூல் என்பது நாகரிகமான பூஜ்ஜியம். ஆயிரம் குச்சி வைத்திருப்பவருக்குப் பூல் முறையான பதில்; மாதந்தோறும் மின்கட்டணம் கட்ட வேண்டியவருக்கு சீரான வரவு வேண்டும். எனக்கு அந்தக் கவலை இல்லை. தனியாக மைனிங் செய்பவர்களுக்கான ஒரு சேவையகத்துக்கு மாற்றிவிட்டேன். என் பிட்காயின் முகவரிதான் பயனர்பெயர், கடவுச்சொல்லாக எதை வேண்டுமானாலும் இடலாம். பிளாக் கிடைத்தால் பரிசில் சிறு கழிவு போக மீதி நேராக முகவரிக்கு.

சிறிய கருவிகளுக்குத் தனியாகப் பிளாக் கிடைத்ததாகச் செய்திகள் வருகின்றன. நம்புகிறேன். லட்சக்கணக்கானோர் ஆளுக்கொரு சிறு கருவியை ஓட்டினால் அவர்களில் எவருக்கோ எப்போதாவது விழத்தான் வேண்டும். அந்த எவரோ நான் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் பத்துக் குச்சிகள் வாங்கப் புறப்பட்டால் அவரைத் தடுப்பேன்.

பிப்ரவரி 19 – புதன்

மைனிங் பற்றித் தேடியதன் பலன், இப்போது எங்கே பார்த்தாலும் விளம்பரம். ‘இந்த யு.எஸ்.பி. குச்சியைச் செருகுங்கள், தினமும் இத்தனை டாலர்.’ ஒன்றில் குச்சியின் படத்தை உற்றுப் பார்த்தேன். ஹீட் சிங்க் இல்லை, காற்றுத் துளை இல்லை, வெறும் பிளாஸ்டிக் உறை. பன்னிரண்டு வாட்டை அதற்குள் ஓட்டினால் உறை உருகி வழியும். செருகினால் மைனிங் நடக்குமோ இல்லையோ, கணினிக்குள் வேறு எதுவோ நுழையும்.

பிட்காயின் பணப்பையைத் திறக்க உதவும் மீட்புச் சொற்கள் பன்னிரண்டையோ இருபத்து நான்கையோ ‘கருவியைப் பதிவு செய்ய’ கேட்பவர்களும் இருக்கிறார்கள். மைனிங்குக்கு வேண்டியது முகவரி மட்டுமே. அதற்குமேல் ஒரு சொல் கேட்டாலும் திருட்டுத்தான்.

இன்னொன்று: சிஜிமைனரைப் பதிவிறக்கினால் வைரஸ் தடுப்பு மென்பொருள் அலறும். பிறர் கணினியில் திருட்டுத்தனமாக மைனிங் நடத்தும் கும்பல்கள் இதே நிரலைப் பயன்படுத்தியதால் வந்த கெட்ட பெயர் அது. அதற்காக எச்சரிக்கையை ஒரேயடியாக அணைத்துவிடவும் கூடாது. மூல நிரலை எடுத்து நானே தொகுத்துக்கொண்டேன். அதுவும் பழைய, வேறு எதுவும் இல்லாத கணினியில்.

பிப்ரவரி 24 – திங்கள்

நேற்று மறுபடி மாற்றம். இம்முறை இறக்கம்: 110 லட்சம் கோடிக்குச் சற்று மேல். எங்கோ யாரோ பெரிய கொட்டகைகளில் இயந்திரங்களை அணைத்திருக்கிறார்கள்.

அக்கா மகனுக்குத் தகவல் அனுப்பினேன்: 50,200 ஆண்டுகள்.

“1,600 ஆண்டு மிச்சமா மாமா? வாழ்த்துகள்” என்று பதில் வந்தது. கூடவே, விசிறியின் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தான். அதுதான் இப்போது உண்மையான பிரச்சினை. தாங்கி தேய்ந்து இரவில் கிரீச்சிடுகிறது. அளவில் பெரிய, மெதுவாகச் சுற்றும் விசிறி ஒன்றை மாற்ற வேண்டும்.