கலர் மங்கினா தான் கவனிக்கணும்

ஆடு, கோழிக்கு குடுத்த ஆன்டிபயாடிக் மாதிரி மருந்து கறியில மிச்சம் இருக்கான்னு, ஆன்டிபாடியையும் கலர் மாற்றத்தையும் வச்சு பாக்கற எலைசா கிட்ல, கலர் நல்லா வந்தா மருந்து இல்ல, கலர் மங்கினா தான் இருக்கு. லேபுக்கு புதுசா வர்றவங்க முதல்ல தடுமாறுற இடமே இது தான்.

ஏன் இப்படி தலைகீழா இருக்குன்னா, புரதம் மாதிரி பெரிய மூலக்கூறா இருந்தா ரெண்டு ஆன்டிபாடி (குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் தேடி புடிக்கற புரதம்) ரெண்டு பக்கம் புடிச்சுக்கும். குளோராம்பெனிகால்ங்கற ஆன்டிபயாடிக் ரொம்ப குட்டி, ரெண்டு பேர் புடிக்க இடமே கிடையாது. அதனால போட்டி விடறாங்க. கிட்டோட தட்டுல இருக்கற ஒவ்வொரு குட்டி குழியிலயும் அளவா தான் ஆன்டிபாடி இருக்கும், அதுக்கு என்சைம் ஒட்டின மருந்தும் கறியிலேர்ந்து எடுத்த சாறுல இருக்கற மருந்தும் அடிச்சுக்கும். கறியில மருந்து அதிகமா இருந்தா என்சைமுக்கு இடம் கிடைக்காம கழுவுறப்போ போயிடும், அப்புறம் சப்ஸ்ட்ரேட், அதாவது என்சைம் பட்டா கலர் மாறுற திரவம், ஊத்தினா நீலம் லேசா தான் வரும். கடைசியா ஆசிட் விட்டதும் அந்த நீலம் பளிச்சுனு மஞ்சளாகும், அதை 450 நானோமீட்டர்ல ரீடிங் எடுக்கணும்.

ஆனா நிஜமான வேலை கிட்ல இல்ல, அதுக்கு முன்னாடி கறியை தயார் பண்றதுல இருக்கு. நைட்ரோஃபியூரான்ங்கற ஆன்டிபயாடிக் வகையை எடுத்துக்கோங்க. அதுல ஒண்ணான ஃபியூரசோலிடோன் குடுத்தா உடம்புல சில மணி நேரத்துல காணாம போயிடும், ஆனா அதோட மிச்சமான ஏஓஇசட் தசைப் புரதத்தோட ஒட்டிக்கிட்டு வாரக்கணக்கா இருக்கும். அதை ஆசிட்ல பிரிச்சு, நைட்ரோபென்சால்டிஹைடு கூட சேத்து 37 டிகிரில ராத்திரி முழுக்க வைக்கணும், ஏன்னா அப்படி மாத்தின வடிவத்தை தான் ஆன்டிபாடி அடையாளம் கண்டுக்கும். சீக்கிரம் ரிசல்ட் வேணும்னு இந்த ராத்திரியை குறைக்க சொல்றவங்களை பாத்தா எனக்கு கோபம் தான் வருது.

தேடுற அளவும் அவ்ளோ கம்மி. ஐரோப்பிய யூனியன்ல 2022 நவம்பர் 28லேர்ந்து ஏஓஇசட் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், குளோராம்பெனிகால் 0.15 மைக்ரோகிராம் வந்தாலே சரக்கு செல்லாது.

இன்னொண்ணு, கிட்ல பாசிட்டிவ்னு வந்தா அது சந்தேகம் மட்டும் தான், தீர்ப்பு கிடையாது. ஜாடை ஒத்துப்போற வேற மூலக்கூறையும் ஆன்டிபாடி புடிச்சிடும், அதனால மூலக்கூறை பிரிச்சு எடையை வச்சு அடையாளம் காட்டுற எல்சி எம்எஸ் எம்எஸ் கருவில போட்டு உறுதி பண்ணியே ஆகணும். அங்கயும் செமிகார்பசைடு (இன்னொரு நைட்ரோஃபியூரான் மருந்தோட மிச்சம்) விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், மாவுல சேக்கற அசோடைகார்பனமைடுலேர்ந்தும் அது வரும், அதனால மாவு பூசின கறின்னா மேல் பூச்சை எடுத்துட்டு, உள்ள புரதத்தோட ஒட்டியிருக்கறதை தனியா பாக்கணும். இது எதுவும் பண்ணாம வெறும் கிட் ரிசல்ட்டை வச்சு ஒரு பண்ணைக்காரரோட மொத்த சரக்கையும் தள்ளுறது பெரிய அநியாயம்.

நெகட்டிவ்லயும் இதே கவனம் வேணும். குளோராம்பெனிகால் கிட், டெட்ராசைக்ளின்ங்கற வேற ஆன்டிபயாடிக் இருக்கா இல்லையான்னு சொல்லாது. ரிப்போர்ட்ல மொட்டையா "மருந்து இல்லை"ன்னு போட்டிருந்தா எந்த மருந்து, எந்த அளவு வரைக்கும் தேடினீங்கன்னு கேட்டு வாங்குங்க.